எட்டாவது மட்ச்

ரொறன்ரோ
14.02.1995

என் கிளிக்குஞ்சுக்கு,

யேசு மரி சூசை காவல். ஐயா பக்கத்தில் இருந்தால் இதை மடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போ. அங்கே இருந்து வாசி.

எங்கள் துஷி இல்லை, கிளி. போன மாதம் இருபத்தெட்டாம் திகதி, சனிக்கிழமை. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றுக்குள் பந்தடிக்கப் போனவன். விழுந்தான். அவ்வளவுதான் என்னால் எழுத முடிகிறது. மிச்சத்தைக் கிறிஸ்துநாயகம் அண்ணை ஒரு தாளில் எழுதித் தந்தார். ஐயா படித்த கல்லூரிக்கு இங்கே ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, அதற்கு அவர்தான் செயலாளர். துஷி அந்தச் சங்கத்து ரீமில்தான் விளையாடினவன். அவருடைய தாளை உள்ளே வைத்திருக்கிறேன். நான் அதை வாசிக்கவில்லை.

ஐயாவுக்குச் சொல்லாதே. தொண்ணூற்றொரு வயது, கண் தெரியாத மனிசன். ஒரே பேரன். அவர் தாங்க மாட்டார்.

இன்னொன்று. துஷி புதுவருசத்துக்கு ஐயாவுக்கு ஒரு கடிதம் போட்டவன். சங்கம் இந்த வருசம் ஒரு புத்தகம் அடிக்கிறது. அதில் ஐயா கப்டனாய் இருந்த 1922ஆம் ஆண்டு உதைபந்தாட்ட ரீமைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஏழு மட்ச் கதை எல்லாருக்கும் தெரியும், எட்டாவது மட்சில் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறான். அந்தக் கடிதம் இப்போதுதான் உங்கள் கைக்கு வந்திருக்கும். ஐயா சொல்ல வெளிக்கிட்டால் தடுக்காதே. கேட்டது என் பிள்ளை. பதில் வரட்டும்.

ஐயாவுக்கு வாசிக்கத் தனித் தாள் வைக்கிறேன். அதை மட்டும் வாசி. அதில் பொய் ஒன்றும் எழுதவில்லை, பார்.

அக்கா
யோகமலர்

*

(ஐயாவுக்கு வாசிக்கிற தாள்)

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கும் கிளியின் சுகத்துக்கும் மாதாவை மன்றாடுகிறேன். இங்கே பனி கொட்டுகிறது. துஷியின் பந்தடிச் சப்பாத்தைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அவன் கேட்டதை மறக்காமல் சொல்லுங்கோ.

உங்கள் மகள்
மலர்

*

கொழும்புத்துறை
25.03.1995

அன்புள்ள மலரக்காவுக்கு,

ஆண்டவர் உங்களுக்குப் பலம் தரட்டும். வேறு என்ன எழுத. ஐயா சுகம். நான் நடமாடுகிறேன்.

துஷியின் கடிதமும் உங்கள் கடிதமும் ஒரே நாளில் வந்தன அக்கா. தபால்காரர் இரண்டையும் ஒன்றாகக் கையில் தந்தார். பிள்ளையின் எழுத்தைக் கண்ட சந்தோசத்தில் அதைத்தான் முதலில் உடைத்தேன். ஐயாவுக்குப் பெலத்து வாசித்தேன். அவன் எழுத்துப் பிழையோடு "அம்மப்பா, நீங்கள் கப்டனா இல்லாட்டி சும்மா புழுகி வெட்டிறீங்களா" என்று கேட்டதற்கு ஐயா இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் உங்களுடையதை உடைத்தேன். முதல் இரண்டு வரியோடு கிணற்றடிக்குப் போனேன்.

திரும்பி வர ஐயா சொல்கிறார்: "எங்கையடி போனனி? பேனையை எடு. பேரன் என்னை வெட்டிறன் எண்டிறான்."

ஈரக் கையோடு எழுதினேன். அவர் சொன்னபடியே வைக்கிறேன்:

"துஷி, முதலாம் மட்ச் மழையுக்கை. எங்களுக்கும் சப்பாத்து இல்லை, எதிர்ப்பக்கத்துக்கும் இல்லை. வெள்ளைக்காரப் பிரின்சிப்பல் மட்டும் சப்பாத்தோடை சேத்துக்கை நிண்டு கத்தினவர். மூண்டுக்குச் சைபர். கோலிலை நிண்டவன் சவிரிமுத்து, நெடுந்தீவான். நானும் அவனும் போடிங்கிலை ஒரு அறை. பந்தை அவன் பந்து மாதிரிப் பிடிக்கமாட்டான், மரத்தாலை விழுற பனங்காயை ஏந்திற மாதிரி நெஞ்சோடை வாங்குவான். 'டேய், பனங்காய்' எண்டு கூப்பிட்டால்தான் திரும்பிப் பாப்பான். இரண்டாம் மட்சுக்கு மாட்டு வண்டிலிலை போனது. வழியிலை மாடு படுத்திட்டுது. பதினொரு பேரும் இறங்கித் தள்ளி, களைச்சுப் போய் விளையாடி, ஒண்டுக்குச் சைபர். மூண்டாவது அஞ்சுக்கு ஒண்டு. அதிலை மூண்டு நான் அடிச்சது. வெட்டேல்லை, ராசா."

மிச்சம் அடுத்த முறை என்கிறார். கிறிஸ்து அண்ணையின் தாளை வாசித்துவிட்டு மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நீங்கள் அதை வாசிக்க வேண்டாம். சாப்பிடுங்கோ அக்கா.

தங்கை
கிளடிஸ்

*

ரொறன்ரோ
07.05.1995

என் கிளிக்கு,

நான் இருக்கிறேன். உன் கடிதம் வந்து ஒன்பது நாள். ஒரே நாளில் வாசிக்கவில்லை. முதலாம் மட்சை ஒரு பின்னேரம், இரண்டாம் மட்சை ஒரு பின்னேரம் என்று துஷியின் படத்துக்கு முன்னால் இருந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தானே, எனக்கு எப்படியும் நேரம் எடுக்கும். இந்த முறை நேரம் எடுத்தது நல்லதாய்ப் போயிற்று.

வேலைக்குத் திரும்பப் போகிறேன். பெட்டிக்குள் பிஸ்கட் அடுக்குகிற வேலை. அங்கே யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், மெஷின் சத்தத்தில் கேட்டாலும் விளங்காது. வீட்டில்தான் சத்தமில்லை. பதினாலாம் மாடி. லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கிற ஒவ்வொரு முறையும் கதவைப் பார்க்கிறேன். கிளி, ஒரு கோப்பை அரிசி போட எனக்குக் கை பழகவில்லை. இரண்டு போட்டு அடுத்த நாளும் அதையே சாப்பிடுகிறேன்.

கிறிஸ்து அண்ணை யூனியன்வில்லில் இருந்து வந்தார். "தங்கச்சி, புத்தகத்துக்கு இனி நீங்கள் மினக்கெட வேண்டாம். அதை விடுங்கோ" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, "துஷி கேட்டதைத் துஷியின்ரை அம்மப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஆர் விடச் சொல்ல?" என்று கேட்டுவிட்டேன். பாவம் மனிசன், தேத்தண்ணியைக் குடியாமல் போய்விட்டார்.

வாசிக்கிற தாளை உள்ளே வைத்திருக்கிறேன். வழமை போலத்தான். நான் சுகம், மூன்றாம் மட்ச் நல்லாயிருந்தது, துஷியின் கட்டிலுக்கு மேல் உங்கள் கடிதத்தைக் குத்தி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் உண்மை.

அக்கா
மலர்

*

கொழும்புத்துறை
18.06.1995

அன்புள்ள மலரக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறேன். ஐயாவுக்குக் கால் வீக்கம், வேறு குறை இல்லை. இங்கே திரும்பச் சண்டை தொடங்கிவிட்டது. மேலால் பிளேன் போகிறது. ஐயா காது கேளாதவர் மாதிரி இருந்துகொண்டு கதை சொல்கிறார்.

நாலாம், ஐந்தாம், ஆறாம் மட்சுகளை இதோடு மூன்று தாளில் வைத்திருக்கிறேன். எல்லாம் வெற்றி. ஏழாவதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஆறாம் மட்ச் வரைக்கும் வரிக்கு வரி சவிரி, சவிரி என்றவர், ஏழாவதில் கோலில் நின்றது வேறு ஒருவன் என்கிறார்.

"சவிரி எங்கை ஐயா?" என்று கேட்டேன்.

"எழுது எண்டால் எழுது. நீ என்ன றெஃபிரியோ?"

எட்டாவதைக் கேட்டால் முகத்தைத் திருப்புகிறார். "முதலிலை துஷி தன்ரை கையாலை இரண்டு வரி எழுதட்டும். நான் கிழவன் ஏழு மட்ச் விளையாடியிட்டன், அவன் ஒரு கோலும் அடிக்கேல்லை" என்று சொல்லிவிட்டார். அவனுக்குச் சோதனைப் படிப்பு, வேலை என்று ஏதோ சொன்னேன். பிறகு உங்கள் தாளை எடுத்துத் தலைப்பை, அந்த முதல் வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "அதுக்குக் கீழை வேண்டாம். தலைப்பை இன்னொருக்கால்" என்றார். ஏனென்று தெரியவில்லை.

என்ன செய்வோம் அக்கா? யாரையாவது பிடித்துத் துஷியின் எழுத்து மாதிரி இரண்டு வரி எழுதிப் போட முடியுமா?

தங்கை
கிளி

*

ரொறன்ரோ
24.07.1995

என் கிளிக்கு,

நான் இருக்கிறேன். ஐயாவின் கால் எப்படி? உப்பைக் குறைத்துக் கொடு.

துஷியின் கொப்பியை எடுத்துவைத்து, அவன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். "அம்மப்பா, நான்" என்பது வரைக்கும் வந்தது. அச்சொட்டாய் அவனுடைய எழுத்துத்தான். அடுத்த சொல்லுக்குப் பேனை போகவில்லை. கிழிக்கவும் மனமில்லை. மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு சங்கத்துக்காரரின் பந்தடிப் போட்டி. கிறிஸ்து அண்ணை காரில் வந்து கூட்டிக்கொண்டு போனார். புல்லுக்குள் கதிரை போட்டு இருந்தேன். இங்கே வளர்ந்த பெடியங்கள், "பாஸ் பண்ணு மச்சான், மேன் ஒன், மேன் ஒன்" என்று கத்துகிறார்கள். பக்கத்தில் ஸ்ரௌவ்வில்லில் இருந்து வந்த ஒரு பெண், என் மடியில் சாப்பிட ஒரு றோல்ஸை வைத்துவிட்டு, "அன்ரி, உங்கடை பெடியன் எந்தப் பக்கம்?" என்று கேட்டா. எனக்கு வாய் தானாய் "நீலம்" என்றது. பிறகு அந்தப் பிள்ளை பின்னேரம் முழுக்க என்னோடு சேர்ந்து நீலத்துக்குக் கைதட்டினா. நீலம் தோற்றுப்போனது. எழும்பிப் போகும்போது என் தோளைத் தட்டி, "கவலைப்படாதேங்கோ அன்ரி, அடுத்த வருசம் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனா.

ஓம் என்றேன் கிளி.

வாசிக்கிற தாள் உள்ளே. துஷி எழுதுவான் என்று அதில் எழுதவில்லை. எழுதமாட்டான் என்றும் எழுதவில்லை.

அக்கா
மலர்

*

கொழும்புத்துறை
12.09.1995

அன்புள்ள மலரக்காவுக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். உங்களுக்கும் அப்படியே அமைய மன்றாடுகிறேன்.

உங்கள் ஆடி மாதக் கடிதத்தை வாசித்து முடிய ஐயா கேட்டார்: "மலரின்ரை பழைய கடிதங்கள் இருக்குதோ?" பெட்டியோடு எடுத்து வந்தேன். ஒவ்வொன்றாகத் தலைப்பை மட்டும் வாசிக்கச் சொன்னார். போன வருசத்துக் கடிதம் எல்லாவற்றிலும் "நாங்கள் சுகம்." மாசியில் இருந்து "நான் சுகம்." அக்கா, நான் அத்தனையும் வாசித்தவள், என் கண்ணில் அது படவே இல்லை. கண் தெரியாத மனிசனின் காதில் பட்டிருக்கிறது.

கடிதங்களைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். "பேனையை எடு. இது துஷிக்கு இல்லை. மலருக்கு" என்றார். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"மலர், ஆறாம் மட்ச் முடிஞ்ச கிழமை சவிரிக்குக் காய்ச்சல். நாலாம் நாள் செத்துப்போனான். கடல் கொந்தளிப்பு, நெடுந்தீவுக்கு வள்ளம் இல்லை. தாய்க்கு அறிவிக்க வழியில்லாமல் இஞ்சையே குழிவெட்டித் தாட்டது. போடிங் மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டு, 'நீதான் அவனோடை இருந்தனி, வள்ளம் போறபோது தாய்க்கு நீ எழுது' எண்டார்.

தாய்க்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. வள்ளக்காரன்தான் வாசிச்சுக் காட்டுவான். ஏதோ ஒரு ஆம்பிளை சந்தையிலை நிண்டு என்ரை கடிதத்தை அந்த மனிசிக்கு வாசிக்கிறதை நினைச்சன். 'நாங்கள் எல்லாரும் சுகம். சவிரி நல்லாய் விளையாடுறான்' எண்டு எழுதிக் குடுத்தன். அடுத்த வள்ளத்துக்கு உண்மையை எழுதுவம் எண்டு இருந்தனான். அடுத்த வள்ளத்துக்கும் அதைத்தான் எழுதினன். மாஸ்ரர் நான் அறிவிச்சிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தார். பதினாறு நாள்.

எட்டாவது மட்சுக்கு அவ வந்திட்டா. மகன் நல்லாய் விளையாடுறான் எண்டு கேட்டிட்டு, கருவாட்டுப் பொட்டளியோடை வள்ளம் ஏறி வந்திட்டா. விசில் ஊதுறதுக்கு முதல் என்னட்டை வந்து, 'தம்பி, என்ரை பெடியன் எங்கை நிக்கிறான்?' எண்டா. நான் அங்காலை கோலைக் காட்டினன். அதிலை வேறை பெடியன், சவிரியின்ரை சட்டையைப் போட்டுக்கொண்டு நிண்டான். மனிசிக்குத் தூரம் தெரியாது. ஒரு மணித்தியாலம் அவனைப் பாத்துக் கையை ஆட்டிக்கொண்டு இருந்தா. அவனும் பேய்ப்பெடியன், திருப்பிக் கையை ஆட்டினான்.

இரண்டுக்கு ஒண்டு. வெண்டது நாங்கள்தான். மட்ச் முடிய அவ பொட்டளியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குக் குறுக்காலை கோலைப் பாத்து நடந்தா. நான் மற்றப் பக்கத்தாலை ஓடினன். கப் வாங்கவும் போகேல்லை. அவவுக்கு ஆர் சொன்னது, எப்பிடிச் சொன்னது எண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது.

மலர், உனக்கு 'நாங்கள்' எண்டு எழுதக் கை வரேல்லை. எனக்கு வந்தது. நீ என்னைவிட நல்ல மனிசி. கிளியை நான் கேக்கமாட்டன், அவளை நெருக்கவும் மாட்டன். நீ உன்ரை கையாலை எழுது. தாங்குவனோ எண்டு பாக்காதை. எழுது. அதுவரைக்கும் இருப்பன்."

இவ்வளவுதான். சொல்லி முடித்துவிட்டுச் சோறு கேட்டார். சாப்பிட்டார்.

தங்கை
கிளி

*

ரொறன்ரோ
22.10.1995

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகம் அறியவேணும். உங்கள் கடிதம் கிடைத்தது. எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கோ.

மலர்

கிளி, இந்தத் தாளையும் வேண்டுமென்றால் ஐயாவுக்கு வாசி. ஒளிக்க இனி ஒன்றுமில்லை. ஆறு முறை எழுதத் தொடங்கினேன். "ஐயா, துஷி" என்று எழுதுவேன். பிறகு எழும்பி ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பேன். உனக்கு எழுத முடிந்தது, ஏனென்றால் மிச்சத்தை எழுத வேறொருவர் இருந்தார். ஐயாவுக்கு வேறொருவரின் தாளை வைத்து அனுப்பக்கூடாது. அவர் கேட்டது என் கையை. அடுத்த கிழமை கட்டாயம் எழுதுவேன்.

*

ரொறன்ரோ
10.01.1996

என் கிளிக்குஞ்சுக்கு,

எங்கே இருக்கிறாய்? யாழ்ப்பாணம் முழுதும் ஒரே இரவில் வெளிக்கிட்டுப் போனதாய் இங்கே றேடியோவில் சொன்னார்கள். கிறிஸ்து அண்ணை கொழும்புக்கும் வவுனியாவுக்கும் போன் எடுத்துப் பார்க்கிறார். கொழும்புத்துறை ஆட்கள் சாவகச்சேரிப் பக்கம் என்கிறார் ஒருவர். கொடிகாமம் என்கிறார் இன்னொருவர். இதைப் பழைய விலாசத்துக்கே போடுகிறேன், வேறு விலாசம் தெரியாது.

ஐயாவுக்கு இன்னும் எழுதவில்லை. எங்கே அனுப்புவது என்று தெரியாததால் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மை இல்லை.

அக்கா
மலர்

*

கொழும்புத்துறை
02.06.1996

அன்புள்ள மலரக்காவுக்கு,

ஆண்டவர் சித்தத்தால் நான் சுகம். வைகாசியில் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். கூரையில் பாதி இருக்கிறது. உங்கள் ஒக்ரோபர் கடிதமும் தைக் கடிதமும் நேற்று ஒன்றாகக் கிடைத்தன.

ஐயா போய்விட்டார் அக்கா. நவம்பர் பதினேழு. கொடிகாமத்தில், பள்ளிக்கூடம் ஒன்றின் ஓலைக் கொட்டிலில்.

வெளிக்கிட்ட அன்று மழை. சைக்கிள் கரியரில் அவரை இருத்தி, விழாமல் என் சீலையால் இருக்கையோடு கட்டி உருட்டினேன். நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாய்ப் பல மணித்தியாலம் நின்றோம். அவர் அங்குமிங்கும் முகத்தைத் திருப்பிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கிளி, றெஃபிரி விசில் ஊதேல்லையே, ஏன் எல்லாரும் மைதானத்தை விட்டுப் போகினம்?" என்றார். பின்னால் வந்த ஆட்களும் சிரித்தார்கள்.

கொட்டிலில் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி. "மலரின்ரை கடிதம் வந்ததோ?" தபால் இல்லை என்றால் நம்பமாட்டார். "வந்திருக்கும், நீ ஒளிக்கிறாய்" என்பார். பதினைந்தாம் திகதி காலை அவருக்கு மூச்சு ஏறி இழுத்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மன்னிக்க வேண்டும் அக்கா. நிவாரண அட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "வந்திட்டுது ஐயா, மலரக்காவின்ரை கடிதம்" என்றேன்.

"வாசி. தலைப்பை விடு, உள்ளுக்கை வாசி" என்றார்.

வாசித்தேன். நீங்கள் எழுதுகிற மாதிரி, எழுத்துக் கூட்டுகிற மாதிரி, நின்று நின்று வாசித்தேன். துஷி இல்லை என்றதையும் வாசித்தேன். எப்படி என்பதையும், கடைசி நேரம் எப்படி இருந்தான் என்பதையும் வாசித்தேன். பக்கத்துக் கொட்டில் சனம் கதையை நிறுத்திவிட்டுக் கேட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். முடிந்ததும், "இன்னொருக்கால் வாசி" என்றார். இரண்டாம் முறை எனக்கு அதே சொற்கள் வரவில்லை. எங்கோ மாறிப்போனது. அவர் கண்டுபிடித்திருப்பார். "நல்லாய் எழுதியிருக்கிறாள்" என்றார். "ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள்." அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க அழுதார். தாங்கினார் அக்கா. அழுது முடித்துத்தான் போனார்.

நீங்கள் எழுதாத கடிதத்தை உங்கள் பேரில் வாசித்த பாவத்துக்குப் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அங்கே என்ன வாசித்தேன் என்று அவர் கேட்டார். சொல்லப் பார்த்தேன். ஒரு சொல்லும் நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் ஒரு வரியும் திரும்பி வரவில்லை.

தங்கை
கிளி

*

ரொறன்ரோ
07.07.1996

என் கிளிக்குஞ்சுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாய் வாசிக்கிறேன். கூரைக்குத் தகரம் வாங்க வழி பார்க்கிறேன், அதுவரைக்கும் மழைக்குள் படுக்காதே. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம் என்றும் இனி யாரிடமும் சொல்லாதே.

சங்கத்துப் புத்தகம் வந்துவிட்டது. 1922ஆம் ஆண்டு ரீம் என்று இரண்டு பக்கம். ஏழு மட்சும் ஐயா சொன்னபடியே இருக்கிறது. எட்டாவதுக்கு, "முடிவு பற்றிய விபரம் கிடைக்கவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். நான்தான் கொடுக்கவில்லை. கிறிஸ்து அண்ணை கேட்டார். "அது துஷிக்கும் சொல்லாதது. எனக்குச் சொன்னது" என்றேன். மனிசன் இந்த முறை தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

கிளி, ஒன்றரை வருசமாய் நான் எழுத முடியாமல் இருந்த கடிதம் அது. கிறிஸ்து அண்ணையின் தாளையும் நான் வாசித்ததில்லை. என் பிள்ளை போனதை முழுக்கச் சொன்ன கடிதம் என் பேரில் ஒன்றுதான் இருந்தது. அதை ஐயா கேட்டார், முன்பின் தெரியாத கொடிகாமத்துச் சனம் கேட்டது. நான் கேட்கவில்லை. நினைவில்லை என்று நீ எழுதியிருக்கிறாய், தெரியும். இருந்தாலும் இதைக் கேட்காமல் என்னால் உறையை ஒட்ட முடியவில்லை.

கிளி, அதில் நான் என்ன எழுதியிருந்தேன்?